இல்லத்துக்கோர் ஏட்டுப் பேழை

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருளைக் காத்தல் அதனினும் அரிது. இவ்வுண்மையை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். நெல்லுக்குக் குதிரும், நகைக்குப் பெட்டியும், பத்திரங்களுக்கு இரும்பு அலமாரியும், ஓலைச் சுவடிகளுக்குப் பரணும் அவர்கள் வகுத்து வைத்தனர். இற்றைநாளில் நம் குடும்பங்கள் நாடோறும் மிகுதியாக ஈட்டிக் குவிக்கும் பொருள் ஒன்றுண்டு. நிழற்படங்கள், குரற்பதிவுகள், சலனப்படங்கள், சான்றிதழ்களின் படிகள், நிலப் பத்திரங்களின் நகல்கள் ஆகிய இவற்றின் தொகுதியே அது. இவ்வளவு பெருஞ்செல்வத்துக்கு நாம் அமைத்துள்ள உறையுள் யாதெனின், சட்டைப் பையிலிருந்து எந்நேரமும் வழுவி வீழக்கூடிய ஒரு கைப்பேசியே என்று வெட்கத்தோடு விடை கூற வேண்டியவர்களாயிருக்கிறோம்.

இதனை எழுதுமாறு நம்மைத் தூண்டியது ஒரு கடிதம். நம் கலாசாலையின் பழைய மாணவர் ஒருவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றுகின்றார். அவர்தம் அன்னையார் காலமாகி ஓராண்டாயிற்று. அன்னையாரின் குரல் அவருடைய பழைய கைப்பேசியில் மட்டுமே இருந்தது; அக்கைப்பேசியோ ஒருநாள் திடீரென உயிர் துறந்தது. பழுது பார்ப்பவர் பலரிடம் அலைந்து, அரும்பாடுபட்டு, சில பதிவுகளை மட்டும் அவர் மீட்டனர். ‘இனி இத்தகைய இடர் நேராதவாறு, வீட்டிலேயே ஒரு சேமிப்புச் சர்வர் அமைக்க விரும்புகிறேன், எத்தகைய கருவிகளை வாங்குதல் தகும்?’ என்று அவர் நம்மை வினவினார். அவருக்கு எழுதிய விடை பிறர்க்கும் பயன்படுமாதலின், அதனைச் சற்று விரித்து இங்கு வரைகின்றோம்.

அவர் வாழும் நிலப்பகுதியை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன. திருப்பெரும்புதூரும் ஒரகடமும் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்குள் தம் உருவையே மாற்றிக் கொண்டன. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹுண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் நோக்கியா நிறுவனத்தார் திருப்பெரும்புதூரில் கைப்பேசித் தொழிற்சாலை திறந்து, 2014இல் மூடினர். 2007இல் டெல் நிறுவனத்தார் அவ்வூர்ப் பகுதியிலேயே கணினிகளைப் பூட்டி அனுப்பத் தொடங்கினர். ஃபாக்ஸ்கானும் வந்தது. உலகெங்கும் விற்கும் ஐபோன்கள் அங்கே பூட்டப்படுகின்றன. ஒரகடத்தில் 2010இல் ரெனால்ட்-நிஸான் தொழிற்சாலை எழுந்தது. ஆகவே, உலகத்தார் தம் நினைவுகளைப் பொதிந்து வைக்கும் கருவிகளை ஆக்குவோர் நம் பிள்ளைகளே. அப்பிள்ளைகளோ, விடுதியறைகளிலும் வாடகை வீடுகளிலும் இருந்துகொண்டு, தம் குடும்ப நினைவுகளைப் பொதிந்து வைக்க இடமின்றி இருக்கின்றனர். குயவன் வீட்டில் உடைந்த பானை என்பது இதுவன்றோ!

அந்நிலப்பகுதிக்கு மற்றோர் இடரும் உண்டு. அது நீரால் வருவது. செம்பரம்பாக்கம் ஏரி அத்தொழில் வட்டத்தின் வாயிலிலேயே பரந்து கிடக்கின்றது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று பெய்த பெருமழையில் அவ்வேரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றை அடுத்த முடிச்சூர், வரதராசபுரம் முதலிய ஊர்களில் வீடுகள் நீரில் நின்றன. அந்நாளில் அழிந்த கட்டிலும் பீரோவும் பின்னர் வாங்கப்பட்டன. இழந்த சான்றிதழ்களுக்கு மறுபடி வழங்கவும் அரசினர் சிறப்பு முகாம்கள் நடத்தினர். ஆனால், நனைந்து ஒட்டிப்போன திருமணப் படங்களுக்கு மறுபடி வழங்கும் முகாம் எவரால் நடத்தவியலும்?

‘இத்தனை தொல்லை எதற்கு? மேகச் சேமிப்பு என்று ஒன்று இருக்கின்றதே. அதில் இட்டுவிட்டால் போதாதோ?’ என்று சிலர் கேட்பர். மேகச் சேமிப்பை நாம் இகழ்வதற்கில்லை. அதனால் வரும் நன்மை பெரிது. எனினும் அது பிறருடைய களஞ்சியம் என்பதை மறக்கலாகாது. கூகுள் நிறுவனத்தார் நிழற்படங்களுக்கு அளவின்றி இலவசமாக இடம் அளித்து வந்தனர். 2021 ஜூன் முதல் நாளோடு அச்சலுகையை நிறுத்தினர். அதன்பின் அஞ்சல் முதலிய யாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிகாபைட் அளவே இலவசம் என்றாயிற்று. இரண்டாண்டுகள் எவரும் தொடாத கணக்குகளை அழிக்கும் முறையையும் அவர்கள் 2023 டிசம்பரில் நடைமுறைக்குக் கொணர்ந்தனர். காலமான தந்தையின் கணக்கை மகன் எங்ஙனம் அடிக்கடி திறந்து பார்ப்பான்? அவர்கள் செய்தது குற்றமென்று நாம் கூறவில்லை. தம் களஞ்சியத்துக்குத் தாம் விதி வகுத்தனர். நமக்கென்று ஒரு களஞ்சியம் இல்லாமையே நம் குற்றம்.

திருப்பெரும்புதூரிற் பிறந்த இராமாநுசரைப் பற்றிக் குருபரம்பரை வரலாறுகள் ஒரு செய்தி கூறுகின்றன. போதாயனர் இயற்றிய உரைநூல் ஒன்றைக் காணும்பொருட்டு அவரும் அவர்தம் மாணாக்கரான கூரத்தாழ்வானும் காஷ்மீரம் சென்றனராம். கைக்கு வந்த ஏடு மீண்டும் பறிபோயிற்று. ஆசிரியர் வருந்தி நின்றபோது, தாம் இரவுதோறும் அதனைப் படித்து நெஞ்சிற் பதித்துள்ளமையைக் கூரத்தாழ்வான் தெரிவித்தனராம். ஏடு ஒன்றேயாயின் அது இல்லாததற்குச் சமம்; இரண்டாவது படியே அதன் உயிர் என்னும் உண்மையை இவ்வரலாறு நன்கு விளக்குகின்றது. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரியுண்டபோது, வேறெங்கும் படி இல்லாத ஏடுகளே மீளா அழிவெய்தின. கருவி தேர்வோர் முதற்கண் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். வேகமும் விலையும் பின்னரே எண்ணத்தக்கவை.

இனிக் கருவிகளைப் பற்றிச் சொல்லுவோம். முதலில் எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிடுக. கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று ஏறத்தாழ 4 மெகாபைட் எனக் கொண்டால், ஓரிலட்சம் படங்களுக்கு 400 ஜிகாபைட் போதும். சலனப்படங்களையும் சேர்த்தாலும், நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு 4 டெராபைட் பல்லாண்டுகள் தாங்கும். கடைக்காரர் காட்டும் 20 டெராபைட் தட்டைக் கண்டு மயங்குதல் வேண்டா. பெரிய தட்டு ஒன்றினும் சிறிய தட்டுகள் மூன்று மேலானவை என்பதே நம் கொள்கை. காரணம் பின்னர் விளங்கும்.

அடுத்து, எந்தப் பெட்டி? வழிகள் நான்கு உள. சைனாலஜி, கியூநாப் போன்ற தைவான் நிறுவனங்கள் இதற்கென்றே செய்யும் ஆயத்தப் பெட்டி முதலாவது. அது அமைதியானது; சிறிது மின்சாரமே உண்பது; எளிதில் ஆளத்தக்கது. ஆனால் விலை மிகுதி. பழுதுற்றால் உறுப்பு மாற்றுதலும் அரிது. இரண்டாவது, ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கைக் கணினி. மாணவர் கற்பதற்கு அது மிக ஏற்றது. எனினும் தட்டுகளை யுஎஸ்பி வடத்தால் தொங்கவிட வேண்டியிருத்தலின், வடம் சற்று அசைந்தாலும் தொடர்பு அறும். குடும்பச் செல்வத்தை அவ்வடத்தில் தொங்கவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. மூன்றாவது, நிறுவனங்கள் கழித்துவிட்ட பெரிய சர்வர். அது மலிவாகக் கிடைக்கும், ஆயின் அதன் விசிறி ஓசை வீட்டாரை உறங்கவிடாது, மின்கட்டணமும் அவ்வாறே.

நான்காவது வழியே நாம் பரிந்துரைப்பது. அலுவலகங்களில் சில ஆண்டுகள் உழைத்தபின் விற்கப்படும் மேசைக் கணினியை வாங்கி, அதனுள் புதிய வன்தட்டுகளைப் பூட்டுதல் அவ்வழி. சென்னை ரிச்சி தெருவில் இத்தகைய கணினிகள் நிரம்பக் கிடைக்கின்றன. அவற்றுட் சில திருப்பெரும்புதூரிலேயே பூட்டப்பெற்று, எங்கோ ஓர் அலுவலகத்தில் தொண்டாற்றி, மீண்டும் நம் பக்கமே திரும்பியவையாகவும் இருத்தல் கூடும்! படங்களைக் காத்து வழங்கும் பணிக்குப் பெருவலி படைத்த செயலி வேண்டுவதில்லை. பத்தாண்டுக்கு முந்திய செயலியே அப்பணியைச் செய்யும். மேலும் 2025ஆம் ஆண்டின் இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் நினைவகத் துண்டுகளின் விலை பெரிதும் ஏறியது. புதிய கணினி வாங்க எண்ணியோர் தயங்கி நின்ற அக்காலத்தில், நினைவகத்தோடு கூடிய பழைய பெட்டியின் மதிப்பு இன்னும் நன்கு விளங்கிற்று.

பழைய பெட்டியை ஆராயும்போது நான்கு செய்திகளைக் காண்க. மூன்றரை அங்குலத் தட்டுகள் இரண்டையேனும் இருத்த உள்ளே இடம் உண்டா? மெலிந்த கூடுகளில் பெரும்பாலும் இராது. உயர்ந்த கோபுரக் கூடே தகும். சாட்டா இணைப்புகள் மூன்றேனும் உளவா? மின்கொடுப்புப் பெட்டி பழுதுற்றால் வேறு கிடைக்குமா? பெரிய நிறுவனங்கள் சில, தம் கணினிகளுக்கே உரிய தனி இணைப்பிகளை வைத்திருத்தலின், பொதுக்கடைச் சரக்கு அவற்றோடு பொருந்தாது. கம்பிவழி வலைப்பின்னல் விநாடிக்கு 1 ஜிகாபிட் செல்லுமா? செல்லுமாயின் விநாடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேல் கடத்தலாம். வீட்டுக்கு அது போதும். அதனினும் வேகமான வலைப்பின்னலுக்குப் பணம் செலவிடுதல், இரட்டைமாட்டு வண்டி செல்லும் சந்துக்குள் இரயிற்பாதை இடுவதை ஒக்கும்.

பெட்டி பழையதாயிருக்கலாம், தட்டு புதியதாயிருத்தல் வேண்டும். ஹார்ட் டிஸ்க் என்று கடையில் வழங்கும் வன்தட்டு ஒன்றே இக்கருவியில் ஓயாது சுழன்று தேய்வது. அதனை வாங்குவதில் ஒரு சூழ்ச்சியையும் அறிந்திருக்க வேண்டும. ஓட்டு வீட்டின் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதுபோல, எழுதும் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து இடத்தை மிச்சப்படுத்தும் முறைக்கு எஸ்எம்ஆர் என்று பெயர். ஓட்டு வரிசையின் நடுவே ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமாயின் அடுத்தவற்றையும் எடுத்து அடுக்க வேண்டுமன்றோ? அதுபோலவே இத்தட்டில் ஒன்றைத் திருத்தி எழுதுதல் மிகத் தாமதமாகும். பழுதுற்ற தட்டுக்கு மாற்றாகப் பூட்டி, முழுதையும் மறுபடி எழுதும்போது இடர்ப்படும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் சேமிப்புச் சர்வர்களுக்கென்றே விற்ற தட்டுகள் சிலவற்றில் இம்முறையை அறிவிக்காமலே கையாண்டிருந்தமை 2020இல் வெளிப்பட்டு, பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆகவே தடங்கள் படியாத சிஎம்ஆர் வகைதானா என்று மாதிரி எண்ணைக் கொண்டு உறுதி செய்துகொண்டே பணத்தை நீட்டுக. தட்டுகள் இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்குதலும் நன்றன்று. ஒரே தொகுதியிற் பிறந்த தட்டுகள் ஒரே காலத்தில் பழுதுறக்கூடும்.

தட்டின் விலையும் எப்பொழுதும் ஒருபடித்தாய் இராது. 2011இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் தொழிற்பேட்டைகளுட் புகுந்தபோது, வன்தட்டுத் தொழிற்சாலைகள் நீரில் மூழ்கின. உலகெங்கும் அவற்றின் விலை சில வாரங்களில் இருமடங்கை எட்டியது. ஏரிக்கரைத் தொழிற்பேட்டையில் வாழ்வோர்க்கு அவ்வரலாறு அயலார் கதையன்று. இடர் வந்தபின் வாங்குவோம் என்றிருத்தல் கூடாது.

நினைவகத் துண்டு 8 ஜிகாபைட் இருப்பின் போதும். பிழையைத் தானே கண்டு திருத்தும் இசிசி நினைவகம் சாலச் சிறந்தது. அதனை ஏற்பன சர்வர்களும் உயர்தரப் பணிநிலையங்களுமே. சாதாரண அலுவலகக் கணினிகள் பெரும்பாலும் ஏலா. அது இன்றி ஒன்றும் செய்தலாகாது என்று சிலர் கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை. வாங்கிய அன்றிரவு முழுவதும் நினைவகச் சோதனை நிரலை ஓட்டிப் பார்த்து, பழுதில்லை என்று தெளிந்தபின் பயன்படுத்துக. சன் நிறுவனத்தார் 2005இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறை, எழுதிய ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்பு எண் ஒன்றை வைத்து, படிக்குந்தோறும் ஒப்பிட்டு நோக்கும். ட்ரூநாஸ் என்னும் இலவச நிரல் தொகுதி அம்முறையைக் கையாளுகின்றது. ஓப்பன்மீடியாவால்ட் என்னும் இலவசத் தொகுதியும் எளியது.

மின்கட்டணம் சிறிய செய்தியன்று. 150 வாட் உண்ணும் பழைய சர்வர் இடையறாது ஓடினால் இரண்டு திங்களில் 216 அலகு ஆகும். 40 வாட் உண்ணும் மேசைக் கணினிக்கு ஏறத்தாழ 58 அலகு. அதனையே மாலையில் இரண்டு மணிநேரம் மட்டும் இயக்கினால் 5 அலகுக்குள் அடங்கும். ஆலையில் முறைமாற்றி வேலை செய்வோர், பணி முடிந்து வந்து, கைப்பேசிப் படங்கள் சேமிப்பில் ஏறியதும் கணினியை உறங்கவிடலாம். கோயில் விளக்கைப்போல் இது அணையாது எரியவேண்டும் என்பது விதியன்று.

மின்சாரம் சட்டென்று நிற்றலே மிகக் கொடிது. எழுதிக்கொண்டிருக்கும் நடுவே மின்சாரம் அறுந்தால் எழுத்து குலையும். வீட்டு இன்வெர்ட்டர் விசிறிக்கும் விளக்கும் உதவும். கணினிக்கோ, மின்சாரம் நின்ற செய்தியை யுஎஸ்பி வடத்தால் அறிவித்து ஒழுங்காக மூடச் செய்யும் சிறிய யுபிஎஸ் ஒன்று வேண்டும். தட்டுக்குச் செலவிட்டோர் இதற்குச் செலவிடத் தயங்குதல், தேர் செய்து அச்சாணி வாங்க மறுத்தல் போலாம்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். கூகுள் ஆய்வாளர் 2007இல் தம் தட்டுகளை ஆராய்ந்து, வெப்பத்துக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பு பொதுவாக எண்ணியதினும் குறைவென்று கண்டனர்; எனினும் மிகுவெப்பம் தீதே என்பதில் ஐயமில்லை. ஆகவே மொட்டைமாடித் தளத்தின்கீழுள்ள பரணில் கருவியை வைக்கலாகாது. சித்திரை வெயிலில் அது அடுப்பாகும். தரையிலும் வைக்கலாகாது, 2015இல் முதலில் நனைந்தது தரையே. மார்பளவு உயரமுள்ள அலமாரித் தட்டில், காற்றோட்டமாக வைக்க. ஒரகடத்துச் சாலைப் புழுதியும், எறும்பும், பல்லியும் கருவிக்குள் குடியேற விரும்புவன. திங்களுக்கு ஒருமுறை திறந்து துடைத்தல் நலம்.

இனி, முன்னர்க் கூறிய காரணத்துக்கு வருவோம். ஒரே பெட்டியில் இரண்டு தட்டுகளைப் பூட்டி, ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றொன்றிலும் எழுதச் செய்யும் முறைக்கு ரெய்டு என்று பெயர். ஒரு தட்டு இறந்தால் மற்றது காக்கும். ஆயினும் அதுவே காப்பென்று மயங்குவோர் பலர். குழந்தை விளையாட்டாக ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டிலும் அழியும். வெள்ளம் வந்தால் இரண்டும் நனையும். திருடன் வந்தால் இரண்டும் போகும். ஆதலின் மூன்றாவது தட்டு ஒன்றில் முழுப்படி எடுத்து, வேறோர் ஊரில் வைத்தல் இன்றியமையாதது. திருவண்ணாமலையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து ஒரகடத்தில் வேலை செய்வோர்க்கு இதனினும் எளிது யாது? பொங்கலுக்கு ஊர் செல்லும்போது ஒரு தட்டைக் கொண்டு சென்று வைத்து, முன்பு வைத்ததை எடுத்து வந்து புதுப்பிக்கலாம். இப்பணிக்கு எஸ்எஸ்டியினும் வன்தட்டே ஏற்றது; மின்னூட்டமின்றி நெடுநாள் கிடந்தால் எஸ்எஸ்டியில் எழுதியது மங்கக்கூடும். தட்டைப் பூட்டுச்சொல் இட்டு மூடுவோர், அச்சொல்லைத் தாளில் எழுதி நம்பத்தக்க உடன்பிறந்தாரிடம் ஒப்படைக்க மறவற்க. திறவுகோல் தொலைந்த பெட்டி தொலைந்த பெட்டியே.

இன்னுமோர் எச்சரிக்கை. எங்கிருந்தும் காணலாமே என்று இக்கருவியை இணையத்துக்கு நேரே திறந்துவிடுதல் தீது. 2021 ஏப்ரலில் கியூநாப் பெட்டிகள் பலவற்றுள் தீயோர் புகுந்து கோப்புகளைப் பூட்டி, பணம் கேட்டனர். அவ்வாண்டு ஜூன் மாதம் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மைபுக் லைவ் பெட்டிகளிலிருந்த கோப்புகள் தொலைவிலிருந்தே துடைத்தழிக்கப்பட்டன. அவற்றை நம்பியிருந்தோர் விடியலில் எழுந்து வெறும் பெட்டியைக் கண்டனர். வீட்டுக்குள் மட்டும் திறந்திருக்கும் கதவே வீட்டுக் களஞ்சியத்துக்கு அழகு.

‘இவ்வளவும் செய்யப் பொருளும் அறிவும் எல்லார்க்கும் உண்டோ?’ என்னும் தடை நியாயமானதே. விடுதியறை ஒன்றில் எட்டுப்பேராக வாழும் பெண் தொழிலாளிக்கு அலமாரித் தட்டும் யுபிஎஸும் எங்கே கிடைக்கும்? அவர்க்கு நாம் கூறுவது வேறு. சர்வர் வேண்டா, வெளித்தட்டு இரண்டு போதும். ஒன்று தம்மிடமும் ஒன்று தாய்வீட்டிலும் இருக்கட்டும். அதற்கும் இயலாதாயின், தோழியர் இருவர் ஒருவர் படியை மற்றவர் காக்கட்டும். கருவியின் பெருமையால் அன்று, படிகளின் எண்ணிக்கையாலும் அவை இருக்கும் இடங்களின் தொலைவாலுமே நினைவு காக்கப்படுகின்றது. ஒரே இடத்தில் நிற்கும் விலையுயர்ந்த சர்வரினும், ஈரூரில் இருக்கும் எளிய தட்டுகள் இரண்டு மேலானவை என்று துணிந்து கூறுவோம்.

நம் மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. கணினிக் கலையைத் தேர்வுக்கென்று மட்டும் பயிலாது, விடுமுறையில் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலேனும், அண்டை வீட்டிலேனும் இத்தகைய பேழை ஒன்றை அமைத்துக் கொடுப்பாராக. பாட்டனார் குரலையும், பாட்டியார் பாடிய தாலாட்டையும், பழுப்பேறிய திருமணப் படத்தையும் அதிலிட்டு, படி எடுத்து, அப்படியைத் திறந்து பார்த்து, உண்மையில் திறக்கின்றதா என்று சோதிப்பாராக. சோதியாத படி படியன்று.

நம் கடிதக்கார நண்பர் பழைய மேசைக் கணினி ஒன்றும் புதிய தட்டுகள் மூன்றும் வாங்கினார் என்றும், மூன்றாவது தட்டு ஊரில் அவர்தம் தமக்கையார் வீட்டில் இருக்கின்றதென்றும் அண்மையில் எழுதியுள்ளார். அன்னையாரின் பதிவுகளில் எஞ்சியவை ஏழு. ஒன்றில், ‘சாப்பிட்டாயா?’ என்னும் ஒரே சொல் மட்டும் உள்ளதாம். அச்சொல் இனி அழியாது என்று அவர் மகிழ்கின்றார். அம்மகிழ்ச்சி நம் அன்பர் அனைவர்க்கும், இழந்தபின் அன்றி இழக்குமுன்னரே, வாய்ப்பதாக.